மஞ்சள் கேசட்டில் ஊதாப் பொட்டு

அத்தியாயம் 6

2001 ஆகஸ்ட் 18, சனிக்கிழமை பிற்பகல், ரயில் நிலையத்தின் பின்வாசலை ஒட்டிய தெருவில், 14-ஆம் எண் வீடியோ கேம் கடையின் கண்ணாடி அலமாரியிலிருந்து மஞ்சள் நிறக் கேசட் ஒன்று காணாமல் போனது.

இருபத்து நான்கு வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, அதே கேசட் ஒரு பல் மருத்துவமனையின் எஃகுத் தட்டில், பஞ்சுக்கும் இடுக்கிக்கும் நடுவே கிடந்தது. அதைப் பார்த்துக் கருத்துச் சொல்ல வந்திருந்த ஒட்டடை, கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தான்.

"உன் பல்லை யாரும் பிடுங்கப் போறதில்லை. கண்ணைத் திற" என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

"உட்கார வேற நாற்காலி இல்லையா மேடம்? இதுல உட்கார்ந்தா வாய் தானாத் திறக்குது."

"அது உனக்கு எங்க உட்கார்ந்தாலும் நடக்கிறதுதானே."

ஒட்டடைக்கு முப்பத்தொன்பது வயது. ஆறடி உயரம், அகலம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. பெயர் அப்படித்தான் வந்தது. ஐந்து வருடமாக டைப்பிஸ்ட் அம்மாவிடம் உதவியாளன். அவரோ இருபத்தாறு வருடம் நீதிமன்றத்தில் சாட்சிகள் சொன்னதையெல்லாம் தட்டச்சு செய்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு துப்பறியும் அலுவலகம் திறந்தவர். அவ்வளவு பொய்யையும் எழுத்துப் பிழை இல்லாமல் அடித்த கை அது என்று ஒட்டடை பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

கட்சிக்காரர் எதிரே நின்றிருந்தார். மருத்துவமனையே அவருடையதுதான். முப்பத்தாறு வயதுப் பல் டாக்டர். 14-ஆம் எண் கடைக்காரரின் ஒரே மகள்.

"இது அப்பா கடைக் கேசட்தான்னு எப்படி இவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?" என்று டைப்பிஸ்ட் அம்மா கேட்டார். "அந்தக் காலத்துல பாதிக் கேசட் மஞ்சளாத்தானே இருந்திருக்கு."

டாக்டர் தலைக்கு மேல் இருந்த விளக்கை இழுத்துக் கேசட்டின் மூலையில் விழ வைத்தார். பிளாஸ்டிக்கில் சின்னச் சின்னதாக நான்கு பள்ளம்.

"ஆறு வயசுல நான் கடிச்சது. மேல் வரிசைப் பால் பல். நடுவுல இடைவெளி பாருங்க. போன மாசம் பழைய பொம்மை விக்கிற கடையில இதைப் பார்த்ததும் விலைகூடக் கேட்காம வாங்கிட்டேன். என் வாயை எனக்குத் தெரியாதா?"

"நீர்மூழ்கிக் கப்பல் கேம்" என்றான் ஒட்டடை, குரலில் பக்தியோடு. "இந்த ஊர்லேயே இது ஒண்ணுதான் இருந்துச்சு. மணிக்கணக்குல வரிசையில நிப்போம். உங்கப்பா முட்டை வேக வைக்கிற டைமரை டிவி மேல வெச்சிருப்பார். கடைசி எதிரிக்கு ஒரே ஒரு அடி பாக்கி இருக்கும்போது மணி அடிக்கும். மனசாட்சியே இல்லாம சுவிட்சை அணைப்பார்."

"இப்பவும் அப்படித்தான். நான் டிவி பார்த்தா அணைச்சிட்டுப் போறார்."

அதற்குப் பிறகு டாக்டர் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னார்.

காணாமல் போன அன்று மதியம், அப்பா சாப்பிடப் போயிருந்தார். கடையைப் பார்த்துக்கொண்டது மாமா. அப்பாவின் தங்கையைக் கட்டியவர், எதிரே 17-ஆம் எண் கேம் கடையின் சொந்தக்காரர். அப்பா திரும்பி வந்தபோது அலமாரியில் கேசட் இல்லை. 'சேவ் ஆகலைன்னு ஒரு பையன் சொன்னான், சீக்கு டப்பாவுல போட்டேன்' என்றார் மாமா. ஓடாத கேசட்டுகளைப் போட்டு வைக்கும் டப்பா அது. வாரா வாரம் அதை அள்ளிப் போகும் ரிப்பேர்காரர் அடுத்த சனிக்கிழமை திருப்பிக் கொடுத்ததில் அந்தக் கேசட் இல்லை. அன்றிலிருந்து பையன்கள் ஒவ்வொருவராகத் தெருவைக் கடந்து மாமா கடைக்குப் போனார்கள். எட்டு மாதம் கழித்து அப்பா கடையை மூடினார். தங்கை புருஷன் பக்கம் நின்றாள். இருபத்து நாலு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

"அத்தையும் மாமாவும் வெள்ளிக்கிழமை கிளம்புறாங்க. வெளிநாட்டுல மகன்கிட்டயே இருந்துடப் போறாங்க. அப்பாவுக்கு எழுபத்து மூணு. இந்த வெள்ளிக்கிழமையை விட்டா அவர் தங்கச்சியை இனிமே பார்க்க மாட்டார். 'அவன் எடுத்தேன்னு ஒத்துக்கட்டும், மன்னிச்சிடுறேன்'ங்கிறார். மாமா, 'எடுக்காததை எப்படி ஒத்துக்கிறது'ங்கிறார். யார் மேல தப்புன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க மேடம். அந்த ஆளைக் காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் மன்னிப்புக் கேட்க வைக்கிறது என் பொறுப்பு."

"மாமா சொன்ன வாக்கியம் எப்பவும் இதேதானா?"

"ஒரு வார்த்தை மாறாது. சேவ் ஆகலைன்னு ஒரு பையன் சொன்னான், சீக்கு டப்பாவுல போட்டேன்."

டைப்பிஸ்ட் அம்மா மெதுவாகத் தலையாட்டினார். "பொய் சொல்றவங்க ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெருகேத்துவாங்க. மழை பெஞ்சதும்பாங்க, நாய் குரைச்சதும்பாங்க. அடிச்சு அடிச்சு எனக்கு விரல் தேஞ்சிருக்கு."

அவர் கேசட்டைக் கவிழ்த்தார். பின்பக்கம் இரண்டு ஸ்க்ரூ. ஒவ்வொன்றின் தலையிலும் பளபளவென்று ஊதா நிறத்தில் ஒரு பொட்டு.

ஒட்டடை நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். தலை விளக்கில் இடித்தது.

"மேடம், இது மாடிக்கடை!"

"விளக்கமாச் சொல்லு. தலையைத் தடவிக்கிட்டே சொன்னாலும் பரவாயில்லை."

அந்தக் காலத்தில் கேசட்டை வாடகைக்கு எடுத்துப் போகிறவர்களில் சிலர் கைவேலைக்காரர்கள். வீட்டில் ஸ்க்ரூவைக் கழற்றி, உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையை எடுத்துக்கொண்டு, ஒன்றுக்கும் உதவாத வேறு பலகையை வைத்து மூடித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அதைத் தடுக்கத்தான் கடைக்காரர்கள் ஸ்க்ரூவின் மேல் நெயில் பாலிஷ் பொட்டு வைத்தார்கள். திறந்தால் பொட்டு உடையும். கடைக்கு ஒரு நிறம். 14-க்குச் சிவப்பு, 17-க்கு வெள்ளி, அதே தெருவில் மூன்றாவதாக இருந்த மாடிக்கடைக்கு ஊதா.

"ஆக, மாடிக்கடைக்காரர் திருடித் தன் பொட்டை வெச்சிருக்கார். கேஸ் முடிஞ்சுது. சாப்பிடப் போலாமா?"

டைப்பிஸ்ட் அம்மா தட்டிலிருந்த ஊசி ஒன்றை எடுத்து, ஊதாவின் ஓரத்தை லேசாகச் சுரண்டினார். அடியில் சிவப்பு தெரிந்தது. பிறகு டாக்டரின் சின்னக் கண்ணாடியை வைத்துப் பார்த்தார். இரண்டு ஊதாப் பொட்டுகளின் குறுக்கேயும் மயிரிழைபோல ஒரு விரிசல்.

"சிவப்பு மேல ஊதா. ஊதா வெச்ச பிறகு யாரோ திறந்திருக்காங்க. திறந்த பிறகு யாரும் மறுபடி பொட்டு வைக்கலை." கண்ணாடியைக் கீழே வைத்தார். "அவர் திருடித் தன் கடையில வெச்சிருந்தா, மறுபடி பொட்டு வெச்சிருப்பாரே. வா, கேட்டுப் பார்ப்போம்."

தெருவைப் பார்த்ததும் ஒட்டடையின் நடை தளர்ந்தது. 14 இப்போது கைபேசி உறை விற்கும் கடை. 17 இருந்த இடத்தில் பணம் எடுக்கும் இயந்திரம். கதவைத் திறந்தால் குளிர்ந்தது, உள்ளே யாரும் இல்லை.

"இங்கதான் மேடம் பெஞ்சு. ஸ்கூல் பையெல்லாம் இந்த மூலையில மலை மாதிரி குவிஞ்சிருக்கும். டிவி சூடாகி ஒரு பிளாஸ்டிக் வாசனை வரும் பாருங்க. கேசட் ஓடலைன்னா கழட்டி ஊதுவோம். ஊதினா ஓடும். இன்னைக்கு எதை ஊதி எது ஓடுது?"

"இயந்திரத்தைக் கட்டிப் பிடிச்சு அழாதே. கேமரா இருக்கு."

"உங்களுக்கு இந்த மாதிரி ஒரு இடம் இருந்ததே இல்லையா?"

"இருந்தது. ஒரு நூலகம். அதை இடிச்சுட்டாங்க. நான் சுவரை மோந்து பார்க்கலை."

மாடிக்கடை இன்னும் மாடியில்தான் இருந்தது. வண்டி ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியாக. பெரிய திரைக்கு முன்னால் இருக்கை, ஸ்டியரிங், மிதிகள். புதிதாகப் பழகுகிறவர்கள் சாலையில் இறங்கும் முன் இங்கே நான்கு மணி நேரம் ஓட்ட வேண்டும். பழைய கடைக்காரர் தொப்பையோடும் விசிலோடும் பக்கத்தில் நின்றார்.

ஒட்டடையைப் பார்த்ததும் அவர் கண் சுருங்கியது. "நீ மூணாம் நம்பர் சீட்டு. ஜாய்ஸ்டிக்கை உடைச்சவன்."

"உடைக்கலை அண்ணே. தானாக் கழண்டுச்சு. அன்னைக்கு மழை வேற."

டைப்பிஸ்ட் அம்மா ஓரக்கண்ணால் பார்த்தார். "மழை இப்பத்தான் சேர்ந்துச்சா?"

ஒட்டடை சட்டென்று ஸ்டியரிங்கில் போய் உட்கார்ந்துகொண்டான். திரையில் வண்டி கிளம்பி, பதினோராவது நொடியில் ஒரு பேருந்து நிறுத்தத்தில் ஏறியது.

"பாத்தீங்களா, இப்பவும் கேம் கடைதான் நடத்துறேன்" என்றார் மாடிக்கடைக்காரர். "அப்ப இடிச்சா எல்லாரும் சிரிப்பாங்க. இப்ப இடிச்சா ஃபாரம் நிரப்பணும். அதுதான் வித்தியாசம்."

கேசட்டை அவரிடம் நீட்டினார் டைப்பிஸ்ட் அம்மா. அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார்.

"பொட்டு என் கலர் மாதிரிதான் இருக்கு. ஆனா இந்த நீர்மூழ்கி என்கிட்ட ஒரு நாளும் இருந்ததில்லையே. இருந்திருந்தா நான் ஏன் கடையை மூடப் போறேன்?"

"எப்ப மூடினீங்க?"

"அந்த ஆகஸ்ட் கடைசி வாரம். வீட்டுல எல்லாரும் கெஞ்சினாங்க, வேற தொழில் பாருங்கன்னு. அட்டைப்பெட்டியில எல்லாத்தையும் அள்ளிப் போட்டு, டேப் ஒட்டி, பழைய சாமான்காரருக்குக் குடுத்துட்டேன். கடைசி சனிக்கிழமை ரிப்பேர்காரர் கதவுல ஒரு பை மாட்டிட்டுப் போயிருந்தார். அதைப் பிரிச்சுக்கூடப் பார்க்கலை. அப்படியே பெட்டிக்குள்ள போட்டேன்."

"'இது இருந்த பெட்டியோட டேப்பை நானே போன மாசம்தான் பிரிச்சேன்'னு பொம்மைக் கடைக்காரரும் டாக்டர்கிட்ட சொல்லியிருக்கார்" என்று டைப்பிஸ்ட் அம்மா ஒட்டடையிடம் சொன்னார். "ஆக, இவர் இதைத் தொட்டதே இல்லை. எழுந்திரு, அந்தப் பேருந்து நிறுத்தத்தை விட்டுடு."

படியிறங்கும்போது ஒட்டடை புதுக் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டான். "ரிப்பேர்காரர்தான் மேடம். சீக்கு டப்பாவுல எடுத்தார், ஊதாப் பொட்டு வெச்சார், மாடிக்கடைக்குக் கடத்திட்டார்."

"என்ன லாபத்துக்கு?"

"அதைச் சாப்பிட்டுக்கிட்டே யோசிக்கலாம்னு இருந்தேன்."

ரிப்பேர்காரர் இப்போது காது கேட்கும் கருவிகளைப் பழுது பார்த்தார். நகரின் மறுகோடியில் ஒரே ஓர் அறை, ஜன்னலோரம் மேசை, கண்ணில் திருகிய பூதக்கண்ணாடி. வருகிறவர்கள் எல்லோரும் கத்திப் பேசிப் பழகியவர்கள் என்பதால் அவர் கிசுகிசுப்பாகப் பேசினார்.

"நீர்மூழ்கியா? எனக்குத் தெரியாதும்மா. வாழ்நாள்ல ஒரு கேம் நான் ஆடினதில்லை."

ஒட்டடைக்குத் தூக்கி வாரிப்போட்டது. "பதினஞ்சு வருஷம் கேசட் ரிப்பேர் பண்ணீங்க. ஒண்ணுகூடவா?"

"இப்ப காது மிஷின் ரிப்பேர் பண்றேன். நான் செவிடாகணுமா?"

டைப்பிஸ்ட் அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு வேலை எப்படி நடக்கும் என்று கேட்டார்.

ஒவ்வொரு கடையிலும் கல்லாவுக்குக் கீழே ஒரு தகர டப்பா இருக்கும். ஓடாத கேசட்டை அதில் போடுவார்கள். அதுதான் சீக்கு டப்பா. சனிக்கிழமை பிற்பகல் அவர் துணிப்பையோடு தெருவில் ஒரு நடை நடப்பார். டப்பாவில் இருப்பதை அள்ளுவார், போன வாரம் எடுத்ததைத் திருப்பி வைப்பார். பேச்சு இல்லை, சீட்டு இல்லை.

"எது எந்தக் கடைதுன்னு எப்படித் தெரியும்?"

"பொட்டு. லேபிளை நான் படிக்கிறதே இல்லை. எல்லாம் ஒரே மஞ்சள், ஒரே கப்பல், ஒரே துப்பாக்கி. ஸ்க்ரூவைத் திறப்பேன், பொட்டு உடையும், உள்ள பேட்டரி தீர்ந்தா ஆடின வரைக்கும் சேவ் ஆகாது, அதை மாத்துவேன், மூடுவேன். உடைஞ்ச பொட்டு என்ன கலரோ அந்தக் கடைக்குப் போகும். புதுப் பொட்டு கடைக்காரர் வெச்சுக்குவார். அந்தப் பதினாலாம் நம்பர்க்காரர் என் சட்டையைப் பிடிக்காத குறையா வந்து கேட்டார். சிவப்பு அத்தனையும் குடுத்துட்டேன்னு சொன்னேன். குடுத்துட்டேன்தான்."

"சத்தியமாக் குடுத்திருப்பீங்க" என்றார் டைப்பிஸ்ட் அம்மா. விடைபெற்று வெளியே வந்து, நடைபாதையில் நின்று, கைப்பையைத் திறந்து டாக்டர் ஏற்கெனவே கொடுத்திருந்த ஒரு புகைப்படத்தை எடுத்தார்.

ஒட்டடை எட்டிப் பார்த்தான். "14-க்குள்ள எடுத்தது. அந்த ஓரத்துல ஒரு முழங்கை தெரியுதுல்ல? அது நான்."

"உன்னோட நல்ல பக்கம்தான் விழுந்திருக்கு" என்றவர், படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். நெடுநேரம் பார்த்தார். "போலாம். பல் டாக்டர்கிட்ட."

"சாப்பாடு?"

"நாளைக்கு உனக்குப் பல் இருந்தா சாப்பிடலாம்."

டாக்டர் கடைசி நோயாளியை அனுப்பிவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒட்டடை இந்த முறை நின்றுகொண்டான்.

"உங்க மாமா உண்மையைத்தான் சொல்லியிருக்கார்" என்றார் டைப்பிஸ்ட் அம்மா. "சீக்கு டப்பாவுலதான் போட்டிருக்கார். ரிப்பேர்காரர் எடுத்தார், பேட்டரி மாத்தினார், ஊதாப் பொட்டைப் பார்த்து மாடிக்கடைக்குக் குடுத்தார். மாடிக்கடைக்காரர் பிரிச்சுப் பார்க்காமலே மூட்டை கட்டிட்டார். மூணு பேரும் அவங்கவங்க வேலையைச் சரியாப் பண்ணியிருக்காங்க."

"அப்ப ஊதாப் பொட்டு?"

"ரிப்பேர்காரர் கைக்கு வரும்போதே அது இருந்திருக்கு. அதனாலதான் விரிசல். ஆக, உங்க அப்பா கடைக்குள்ளயே, அந்தச் சனிக்கிழமைக்கு முன்னாடி, தேஞ்சுபோன சிவப்பு மேல யாரோ ஊதா வெச்சிருக்காங்க." புகைப்படத்தை எஃகுத் தட்டில் வைத்தார். "இதுல விளக்கைத் திருப்புங்க."

டாக்டர் திருப்பினார். கீழ் மூலையில் ஆரஞ்சு எண்களில் தேதி: 2001, ஆகஸ்ட் 11. கடையின் நடுவே, தலையில் காகிதக் கிரீடத்தோடு, பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி இரண்டு கைகளையும் கன்னத்தருகே விரித்துக் காட்டிக்கொண்டு நின்றாள். பத்து நகமும் ஊதா.

அறையில் எச்சில் உறிஞ்சும் குழாய் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் கை நீட்டி அதை அணைத்தார்.

"அத்தை குடுத்தது" என்றார் மெல்ல. "பிறந்தநாளுக்கு. என்னோட முதல் நெயில் பாலிஷ். ரெண்டு மூணு நாள் கழிச்சு அப்பா என்கிட்ட, 'பொட்டு தேஞ்சிருக்கு, வெச்சிடும்மா'ன்னு நீர்மூழ்கியைக் குடுத்தார். சிவப்புப் பாட்டில் காஞ்சு போயிருந்துச்சு. நான் என்னுதை வெச்சேன். அழகா இருக்கும்னு..."

"கேசட்டைக் கடிச்சதும் நீங்க, பொட்டு வெச்சதும் நீங்க" என்றார் டைப்பிஸ்ட் அம்மா. குரலில் கடுமை இல்லை. "வேற யாரும் இதுல ஒரு தடயமும் விடலை."

"இருபத்து நாலு வருஷமா நான் மாமாவைத்தான்... அப்பாகூடச் சேர்ந்து நானும்தான்..."

"காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறது உங்க பொறுப்புன்னு சொன்னீங்க" என்று நினைவூட்டினான் ஒட்டடை. "வலது காதா, இடது காதா?"

டாக்டர் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், நோயாளிகளுக்கான அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அப்பாகிட்ட எப்படிச் சொல்வேன்? பாதி சொல்றதுக்குள்ள எழுந்து போயிடுவார். தங்கச்சி புருஷன் பேரை எடுத்தாலே டிவியை அணைக்கிற மாதிரி என்னையும் அணைச்சிடுவார்."

டைப்பிஸ்ட் அம்மா நாற்காலியை ஒரு சுற்றுப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். எஃகுத் தட்டைப் பார்த்தார்.

"அவர் கடைசியா எப்பப் பல் சுத்தம் பண்ணிக்கிட்டார்?"

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அப்பா வந்தார். நாற்பது நிமிடம் வாயைத் திறந்தபடி படுத்திருந்தார். மகள் கீழ் வரிசையில் ஆரம்பித்து, சீக்கு டப்பா, துணிப்பை, மாடிக்கடை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, மேல் வரிசை முடியும்போது ஊதா நகத்துக்கு வந்தார். இரண்டு தடவை அவர் எழப் பார்த்தார். இரண்டு தடவையும் வாயில் கருவி இருந்தது. பிறகு எழப் பார்க்கவில்லை. அடுத்த அறையில் காத்திருந்த ஒட்டடைக்கு, குழாய் வெளியே வந்த பிறகு அவர் பேசிய முதல் வாக்கியம் கேட்டது.

"நான்தான்மா கலர் சொல்லலை."

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு அவர் தங்கை வீட்டு அழைப்பு மணியை அழுத்தினார். கதவைத் திறந்தது மாமா. கூடம் முழுக்கப் பெட்டிகள்.

"மாப்பிள்ளை, சீக்கு டப்பாவுல பார்த்தேன்" என்றார் அப்பா. "இருந்துச்சு."

"நான் அப்பவே சொன்னேனே மச்சான்" என்றார் மாமா.

உள்ளேயிருந்து அத்தை, "யாருங்க வாசல்ல?" என்று கேட்டாள். மாமா வழிவிட்டு ஒதுங்கினார். அவளே வந்து பார்த்துக்கொண்டாள்.

பத்து மணிக்கு விமான நிலையத்துக்கு வண்டி வந்தது. பெரிய பெட்டியை அப்பா தூக்கினார். கேசட்டை மாமா கைப்பையில் வைத்து எடுத்துப் போனார். 2001-இல் மாற்றிய பேட்டரியும் இதற்குள் தீர்ந்திருந்தது. கேம் இன்னும் சேவ் ஆவதில்லை.